பின்கட்டில் வெந்த ஹாட் டாக்

பூமணி அம்மா தம் அறுபத்தைந்தாவது வயதில் ஹாட் டாக் சமைக்கக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொடுத்தவள் நான். அதுவரை அவர் இறைச்சியைக் கையால் தொட்டதில்லை. முட்டை உடைத்ததில்லை. மீன் பொரிக்கும் வீட்டில் தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

பிரிக்பீல்ட்ஸில் முருகன் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி அவர்களுடைய வீடு. கணவர் சண்முகரத்தினம் ரயில்வேயில் தலைமைக் கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, வாலிபத்தில் கப்பலேறி மலாயாவுக்கு வந்தவர். கப்பலேறும் முன்பே குருவிடம் சிவதீட்சை வாங்கியிருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு பூமணி அம்மாவும் வாங்கிக்கொண்டார். தீட்சை வாங்கியவர்கள் சாகும்வரை புலால் தொடக்கூடாது. கடைசிவரை அப்படி இருந்தவருக்குச் செத்த பிறகு செய்யும் கிரியையும் தனி. அந்த வீட்டில் அதைவிடப் பெரிய சொத்து எதுவும் இல்லை.

எண்பத்தேழில் நான் அங்கே வேலைக்குப் போனேன். உதவித் தாதியாகப் பயிற்சி எடுத்து மருத்துவமனையில் இருந்துவிட்டு, அப்போது வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைக் கூப்பிட்டது கிள்ளானில் குடியிருந்த மகன் யோகநாதன்.

“அப்பாவுக்கு மூளை சுருங்குதுன்னு டாக்டர் சொல்றாரு சிஸ்டர். அம்மா ஒத்த ஆளா சமாளிக்க முடியல” என்றார். மனைவி ரமணி எங்களைப் போலத் தமிழ்நாட்டிலிருந்து ரப்பர்த் தோட்டத்துக்கு வந்த குடும்பம் என்பதால், வீட்டில் யோகநாதனுக்கும் எங்கள் பேச்சே வந்துவிட்டது. அதுவே அப்பாவுக்கு ஒரு குறை. ரமணி மீன் சமைப்பார் என்பது இன்னொரு குறை. மகன் வீட்டுக்குப் போனால் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கொண்டுபோன போத்தல் தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

நான் போனபோது ஆள் உருவம் மட்டும்தான் இருந்தது. நடப்பார், சட்டை போடுவார், விபூதி பூசுவார். ஆனால் யார் எவர் என்று சொல்லத் தெரியாது. சோற்றைத் தட்டில் பிசைந்து மேசைக்கு அடியில் வழித்துவிடுவார். இட்டலியைச் சட்டைப் பைக்குள் வைப்பார். பூமணி அம்மா ஊட்டினால் இரண்டு வாய், மூன்றாவது வாய்க்குக் கையைத் தட்டிவிடுவார். காலர் பொத்தானைப் போட்ட பிறகும் கழுத்துக்கும் சட்டைக்கும் நடுவில் என் முழுக் கையையும் விடலாம் போலிருந்தது. முதுகெலும்புக்குக் கீழே தோல் சிவக்கத் தொடங்கியது. அது படுக்கைப் புண்ணின் தொடக்கம். சாப்பிடாத ஆளுக்குப் புண் ஆறாது. நான் பூமணி அம்மாவிடம் மறைக்கவில்லை.

“இப்படியே போனா தீபாவளி பாக்க மாட்டாரும்மா.”

“நான் என்ன செய்யிறது சீதா? பாலும் பழமும் குடுக்கிறன். துப்புறார்.”

அடுத்த வாரம் ஒரு மாலையில் சண்முகரத்தினம் ஐயா வாசல் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். நான் புறப்படும் நேரம். நானும் பூமணி அம்மாவும் தெருத் தெருவாகத் தேடினோம். பெரிய சாலைக்கு அந்தப் பக்கம், மாலையில் போடும் பர்கர் கடையில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் ரொட்டிக்குள் வைத்த ஹாட் டாக். தாடையெல்லாம் சில்லி சாஸ். ஒரு வாயைக்கூடத் துப்பாமல் மென்று விழுங்கிக்கொண்டிருந்தார். மாதக் கணக்கில் அவர் அப்படிச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை.

கடைக்காரர் ஒரு மலாய் வாலிபர். “ஆன்டி, அங்கிள் ரொம்ப லாபார் லா” என்றார். பசி என்கிறார். “நேத்தும் வந்தாரு. கல்லுகிட்ட நின்னு பாத்துக்கிட்டே இருந்தாரு. பாவமா இருந்துச்சு, குடுத்தேன்.”

நேற்றும் வந்தது எங்களுக்குத் தெரியாது. பூமணி அம்மா கோயிலுக்குப் போன நேரமாக இருக்க வேண்டும்.

பூமணி அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். கேட்க வேண்டியதை நான்தான் கேட்டேன். “ஆயாம்?”

கோழியா என்று கேட்டதற்கு அந்த அபாங், கடைக்கார அண்ணன், நல்ல மனத்தோடு தலையாட்டினார். “நேத்து ஆயாம். இன்னிக்கு ஆயாம் ஹாபிஸ். இது டாகிங்.”

கோழி தீர்ந்துவிட்டதாம். இது மாடு.

பூமணி அம்மாவுக்கு மலாய் நன்றாகவே தெரியும். கணவர் கையில் மிச்சமிருந்ததைப் பிடுங்கப் போனார். சண்முகரத்தினம் ஐயா அவர் மணிக்கட்டில் கடித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து நான் காயத்துக்கு மருந்து போட்டபோது அவர் அழவில்லை. “இந்தக் கையாலைதான் அவருக்குப் பூசைக்குப் பூ எடுத்துக் குடுத்தனான்” என்று மட்டும் சொன்னார்.

மகன் வந்தபோது வீட்டில் ஒரு சண்டை நடந்தது. யோகநாதன் கெட்டவர் இல்லை. ஆனால் உள்ளே இருந்த காயம் வெளியே வந்தது.

“என் வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிக்கல. இப்ப ரோட்டுல உக்காந்து மாட்டுச் சாசேஜ் தின்றாரு. ரமணிகிட்ட சொன்னா சிரிப்பா.”

“அவரெண்டு நினைச்சோ கதைக்கிறாய்? அவர் போய் ஒரு வருசமாச்சுது” என்றார் பூமணி அம்மா. “இஞ்சை இருக்கிறது அவரின்ரை உடம்பு. உடம்புக்கு ஒண்டும் தெரியாது. ஆனால் செத்தால் கொள்ளி வைக்கிறது இந்த உடம்புக்குத்தானே?”

யோகநாதன் போய்ப் பூட்டு வாங்கி வந்தார்.

கதவுக்குப் பூட்டுப் போட்டோம். பூட்டிய கதவைச் சண்முகரத்தினம் ஐயா முட்டியால் இடித்தார். முட்டியில் தோல் கிழிந்தது. சோறு பழையபடி மேசைக்கு அடியில் போனது.

பூமணி அம்மா முதலில் ஏமாற்றிப் பார்த்தார். சீனர்களின் சைவக் கடையில் விற்கும் மாவு இறைச்சியை வாங்கி, உளுத்தம் மாவு சேர்த்துப் பிசைந்து, விரல் நீளத்துக்கு உருட்டி, வேகவைத்துப் பொரித்தார். நிறத்துக்குப் பீட்ரூட் சாறு. பார்வைக்கு அசல் ஹாட் டாக்தான். ஐயா ஒரு கடி கடித்தார். மென்றார். வெகு நாளாக ஒரு முழு வாக்கியம் பேசாத மனிதர் அன்றைக்குப் பேசினார்.

“இது கள்ளச் சாமான்.”

மிச்சத்தைச் சுவரில் எறிந்தார். பூமணி அம்மாவுக்கும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டில் அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் காலையில் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டார். “சீதா, கோழியிலை மட்டும் செய்தது எங்கை வாங்கலாம்?”

“சூப்பர்மார்க்கெட்ல ஐஸ் பெட்டியில இருக்கும்மா. ஏன்?”

“எப்பிடியும் அவர் அங்கைதான் போவார். அந்தப் பொடியன் கையிலை என்ன இருக்குதோ அதைக் குடுப்பான். மாடெண்டாலும் குடுப்பான். இஞ்சை சமைச்சால் கோழியெண்டு எனக்குத் தெரியும்.”

அப்படித்தான் அந்த வீட்டுக்குள் இறைச்சி வந்தது. ஆசையில் வரவில்லை. பெரிய பாவத்துக்குப் பயந்து சின்னப் பாவத்தைப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

பின்கட்டில் துணி துவைக்கும் இடத்தில் மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்றை வைத்தோம். தனிச் சட்டி, தனிக் கத்தி, தனித் தட்டு. நான் சமைத்துவிடுகிறேன் என்று சொன்னேன். ஆனால் நான் கொடுத்தால் ஐயா வாங்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஓய்வு. ஆகவே பூமணி அம்மாதான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

முதல் நாள் மூக்கைச் சேலையால் கட்டிக்கொண்டு, இடுக்கியால் பொட்டலத்தைப் பிடித்தார். நான் அவசரப்படுத்தவில்லை, ஆனால் விட்டுக்கொடுக்கவும் இல்லை.

“தண்ணி கொதிச்சதும் போடுங்க. தீயக் குறைங்க, இல்லாட்டி வெடிக்கும். உப்பினதும் எடுத்துடணும். மேல இருக்கிற தோலைக் கத்தி நுனியால கிழிச்சு உரிங்க.”

“ஐயோ, விரல் மாதிரி இருக்குது.”

“விரல் இல்லம்மா, சாப்பாடு. வட்ட வட்டமா வெட்டாதீங்க. தொண்டைக்குள்ள தக்கை மாதிரி நின்னுடும். நீளவாக்குல நாலாக் கீறி, அப்புறம் பொடியா நறுக்குங்க. கொஞ்சம் மார்ஜரீன்ல பிரட்டினா வாசனைக்குச் சாப்பிடுவாரு. ரொட்டியைப் பால்ல நனைச்சுக் கலந்துடலாம்.”

அவர் கலந்தார். குமட்டல் வந்து வாய்க்காலில் வாந்தி எடுத்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி கரண்டியைப் பிடித்தார். ஐயா தட்டைக் காலி செய்தார்.

அதன்பிறகு அது தினசரி வேலையானது. மாலையில் சமைப்பார், ஊட்டுவார், சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்ப்பார், தலைக்கு ஊற்றிக்கொள்வார், ஈரத் தலையோடு விளக்கு வைப்பார். வெள்ளிக்கிழமை மட்டும் அடுப்பைத் தொடமாட்டார். அன்றைக்கு ஐயா கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார். ஒரு நாள்தானே என்று ஓட்டிவிடுவோம். இரண்டு மாதத்தில் முதுகுச் சிவப்பு அடங்கியது. கன்னத்தில் கொஞ்சம் சதை வந்தது. ஆனால் பூமணி அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டி இருமல் நிற்கவில்லை. தினமும் மாலையில் தலைக்கு ஊற்றாதீர்கள் என்றேன். கேட்கவில்லை.

இது வெளியே யாருக்கும் தெரியாது. முக்கியமாக ஐயாவின் தங்கை இராஜம்மாவுக்கு. அவர் அடுத்த தெருவில் இருந்தார். கணவரை இழந்தவர், கடுமையான ஆசாரம். வாரத்துக்கு ஒரு தடவை வந்து, “அண்ணை நல்லாத் தேறிவிட்டார், எல்லாம் முருகன் அருள்” என்பார். ஐயா தெருவில் போய்ச் சாப்பிட்டதையும் அவருக்குச் சொல்லவில்லை. கதவுப் பூட்டைப் பற்றிக் கேட்டபோது, திருடர் பயம் என்று பூமணி அம்மா சொல்லிவைத்தார்.

“மச்சாளுக்குத் தெரிஞ்சால் கோயிலுக்குத் தெரிஞ்ச மாதிரி” என்று நாத்தனாரைப் பற்றி என்னிடம் சொல்வார்.

ஐப்பசியில் கந்தசஷ்டி வந்தது. ஆறு நாள் விரதம். பூமணி அம்மா பகலெல்லாம் தண்ணீரோடு இருந்து, கோயில் பூசை முடிந்த பிறகு பாலும் பழமும் எடுப்பவர். முதல் நாள் காலையில் அந்த மண்ணெண்ணெய் அடுப்பைத் துணி போட்டு மூடிக் கட்டியிருந்தார்.

“ஆறு நாள் தாங்கமாட்டாரும்மா. நான் சமைக்கிறேன். நீங்க பின்பக்கமே வராம ஊட்ட மட்டும் செய்யுங்க.”

“சஷ்டிக்கு இந்த வளவுக்குள்ளை புலால் வேகாது சீதா. இவ்வளவு நாளும் நான் எல்லாத்தையும் விட்டனான். இதை விடமாட்டன். முருகன் பாத்துக்கொள்ளுவார்.”

“முருகன் கதவைப் பாத்துக்கமாட்டாரும்மா. ஒரு ஆள் பாக்கணும்.”

“நீ போனாப் பிறகு மச்சாள் வந்து இருப்பா. நான் பூசைக்குப் போயிட்டு ஓடி வந்திடுவன்.”

“அவங்ககிட்ட விசயத்தைச் சொல்லிடுங்க.”

“வெளியிலை விடவேண்டாம் எண்டு சொல்லியிருக்கிறன். அது காணும்.”

அது போதவில்லை. நான்காம் நாள் நடந்ததை இராஜம்மாவே பிறகு என்னிடம் சொன்னார். பூமணி அம்மா கோயிலுக்குப் போன பிறகு ஐயா எழுந்து, சால்வையைத் தேடி எடுத்துக்கொண்டு, வாசலில் போய் நின்றாராம். கோயில் மணி கேட்டுக்கொண்டிருந்ததாம். சஷ்டி மாலை, சால்வை, மணி. அண்ணைக்கு அறிவு திரும்பிவிட்டது, முருகன் கூப்பிடுகிறான் என்று அந்த அம்மாள் நினைத்துவிட்டார். உடம்புக்கு முடியாதவரை அலையவிட வேண்டாம் என்பதற்காகத்தான் வெளியில் விடாதே என்று சொல்லியிருக்கிறார்கள், கோயிலுக்குப் போக ஏது தடை? தன் கையால் அண்ணனுக்கு விபூதி பூசி, சால்வையை மடித்துத் தோளில் போட்டு, பூட்டைத் திறந்துவிட்டார். கூடப் போவதற்குச் சேலை மாற்ற உள்ளே போனார். திரும்பி வந்தபோது ஆள் இல்லை. முன்னால் போய்விட்டார் என்று கோயிலுக்கு நடந்தார்.

ஐயா கோயில் பக்கம் திரும்பவே இல்லை. பெரிய சாலையில், பர்கர் கடைக்கு நேராக, ஒரு வேன் அடித்துவிட்டது. ஓடிவந்து தூக்கியது அந்தக் கடைக்கார அபாங்தான்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அந்த வயதில், அந்த மூளையோடு, இடுப்பு முறிந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மூக்குக் குழாயைப் பிடுங்கிப் போட்டதால் வார்டில் கையைக் கட்டிலோடு கட்டிப் போட்டிருந்தார்கள். நெஞ்சில் சளி இறங்கியது.

சூரசம்ஹாரத்தன்று பகலில் பூமணி அம்மா ஒரு டிபன் கேரியரோடு வார்டுக்கு வந்தார். திறந்ததும் மார்ஜரீன் வாசனை. நீளவாக்கில் கீறி, பொடியாக நறுக்கி, பாலில் நனைத்த ரொட்டியோடு சரியாகக் கலந்திருந்தார். சஷ்டி முடியவில்லை. பூமணி அம்மா இன்னும் தண்ணீரோடுதான் இருந்தார்.

“எங்க சமைச்சீங்க?” என்று கேட்டேன்.

“குசினிக்குள்ளை. பின்னுக்குப் போக நேரமில்லை.” அதுவரை புலால் வேகாத சமையலறை அது.

ஐயாவின் தொண்டையில் ஒவ்வொரு மூச்சுக்கும் களகளவென்று சத்தம். எச்சிலைக்கூட அவரால் விழுங்க முடியவில்லை. நான் பாத்திரத்தை மூடினேன். “குடுக்கக் கூடாதும்மா. மூச்சுக் குழாய்க்குள்ள போயிடும்.”

“ஒரு துண்டு.”

“ஒரு துண்டே போதும், ஆளை முடிச்சிடும்.”

அவர் என்னோடு சண்டை போடவில்லை. கட்டில் பக்கத்தில் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, பார்வை நேரம் முடியும்வரை உட்கார்ந்திருந்தார். போகும்போது வார்டுக் குப்பைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டுப் போனார். மறுநாள் விடிகாலையில் ஐயா இறந்தார்.

உடல் வீட்டுக்கு வந்தது. நான் குளிப்பாட்ட உதவினேன். கூடத்தில் கோயில் ஆட்கள், ரயில்வே ஆட்கள், யாழ்ப்பாணத்துச் சொந்தங்கள் எல்லோரும் நிறைந்திருந்தார்கள். பர்கர் கடைக்காரரும் வந்து வாசலில் செருப்போரமாக நின்றார். இராஜம்மா அவரிடம் போய், தம் அண்ணன் அந்தச் சாலைக்கு ஏன் வந்தார் என்று கேட்டிருக்கிறார். அந்த வாலிபர் ஒளிவு மறைவு தெரியாதவர். உள்ளதைச் சொல்லிவிட்டார்.

கிரியைக்கு உட்கார்ந்த குருக்கள் வழக்கமான கேள்வியைக் கேட்டார். “ஐயா தீட்சை பெற்றவர்தானே? கடைசிவரை ஆசாரம் தவறேல்லைத்தானே?”

யோகநாதன் வாயைத் திறப்பதற்குள் இராஜம்மா எழுந்தார். “அதை மச்சாளிட்டைக் கேளுங்கோ. தெருக்கடையிலை என்ன திண்டவர் எண்டு கேளுங்கோ. என்ரை கையாலை வீபூதி பூசி அவரைச் சாகிறதுக்கு அனுப்பினன். ஒரு சொல்லு எனக்குச் சொன்னவவோ?”

பூமணி அம்மா உடலின் தலைமாட்டில் இருந்து எழுந்து நின்றார். இருமினார். இருமல் அடங்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.

“மச்சாளுக்குச் சொல்லாதது என்ரை பிழை” என்றார். “அவருக்கு அறிவு போய்க் கனநாள். என்ன தின்னுறார் எண்டு அவருக்குத் தெரியாது. அவர் தவறேல்லை. நான்தான் கோழி வாங்கினனான், நான்தான் வெட்டினனான், நான்தான் ஊட்டினனான். எனக்கு அறிவு இருந்தது. தவறினது நான். அவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யுங்கோ.”

குருக்கள் தர்ப்பையைக் கையில் எடுத்தார். பிறகு, “அறிவு தெளியாதவருக்கு விரத பங்கம் இல்லை” என்று சொல்லிவிட்டுக் கிரியையைத் தொடங்கினார். தீட்சை பெற்றவருக்கு உரிய கிரியை, ஒன்றும் குறையாமல் நடந்தது. பூமணி அம்மாவைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை.

எட்டாம் நாள், இறந்தவருக்குப் படையல் வைக்கும் எட்டுச் செலவுக்கு, ரமணி கிள்ளானிலிருந்து வந்து, மாமியாருடைய குசினியைக் கழுவிச் சைவச் சமையல் செய்தார். சொந்தக்காரர்கள் வந்தார்கள். படத்துக்குப் பூப் போட்டார்கள். சாப்பிடாமல் போனார்கள். சோறும் கறியும் பெரிய பாத்திரங்களில் அப்படியே ஆறிக் கிடந்தன. “அத்தை, நாம சாப்பிடுவோம்” என்று ரமணி இலை போட்டார். நானும் அவர்களும் உட்கார்ந்து சாப்பிட்டோம். சமையல் நன்றாக இருந்தது.

பிரிக்பீல்ட்ஸ் வீட்டைக் காலி செய்துவிட்டுப் பூமணி அம்மா கிள்ளானுக்குப் போனார். மீன் பொரிக்கும் வீட்டில், தனிச் சட்டி கேட்காமல், தம் பங்குச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு எட்டு வருடம் இருந்தார். இறைச்சி தொடவில்லை. சஷ்டி விரதம் இருக்கவில்லை. கோயிலுக்குப் போனால் கொடிமரத்துக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்புவார். நான் போய்ப் பார்க்கும்போதெல்லாம் திட்டியிருக்கிறேன். “அந்தக் குருக்களே உங்கள ஒண்ணும் சொல்லலியேம்மா.”

“அவர் சொல்லேல்லை. நான் சொன்னனான். சபையிலை சொன்னதைப் பிறகு இல்லை எண்டு சொல்லேலுமோ? அப்ப அவரின்ரை கிரியையும் பொய்யாப் போகும்.”

அவர் கணக்கில் கணவரின் ஆசாரம் நிற்க வேண்டுமானால் தம்முடையது விழ வேண்டும்.

கடைசி நோயில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். அதே நெஞ்சுச் சளி, இந்தத் தடவை கரையவில்லை. பேச முடிந்தபோதே மகனிடம் சொல்லிவைத்துவிட்டார். தனக்குத் தீட்சைக் கிரியை வேண்டாம், சாதாரணக் கிரியை போதும், குருக்கள் கேட்டால் இல்லை என்று சொல். யோகநாதன் முடியாது என்று அழுதார். ரமணிதான், “அத்தை கேட்டபடி செய்ங்க” என்றார்.

அவரை நான் குளிப்பாட்டினேன். மணிக்கட்டில் கடித்த இடம் வெள்ளையாக ஆறியிருந்தது. கிள்ளான் குருக்களுக்கு அந்தக் குடும்பத்தைத் தெரியாது. “அம்மா தீட்சை பெற்றவரா?” என்று கேட்டார்.

“இல்லை” என்றார் யோகநாதன்.

சாதாரணக் கிரியை என்பதால் வேலை சீக்கிரம் முடிந்தது. மதியத்துக்குள் எடுத்துவிட்டார்கள்.